குமிழ்களுக்கு வைத்த பொட்டு

அன்பு அண்ணா,

ஆயுத பூஜை மறுபடி வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாழைக்கன்றும் பொரியும் வந்துவிட்டன. உன் பழைய சிந்தசைசர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வருடம் பூஜையன்று காலையில் என்னைக் கூப்பிட்டு இதில் ஒரு சத்தம் வாசித்துக் காட்டினாய். "உன் கல்யாணத்துல நீ மேடைக்கு நடந்து வரப்ப இதான். எப்படி இருக்கு?" புல்லாங்குழலும் இல்லை, வயலினும் இல்லை. கட்டைகளுக்குப் பக்கத்திலிருக்கும் சக்கரத்தை லேசாக உருட்டினாய், சுரம் வளைந்தது. "நல்லாத்தான்லா இருக்கு, ஆனா அழுவுதே" என்று கேலி செய்தேன். பூஜைக்குள் வந்துவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே கிள்ளானுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினாய்.

நீ வருவதற்குள் பெட்டியைத் துடைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொட்டுகள் வரிசையாகத் தெரியவேண்டுமென்று எல்லாக் குமிழ்களையும் ஒரே பக்கமாகத் திருப்பினேன். உனக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் லோரி மோதிவிட்டதென்று சொல்ல ஆள் வந்தபோது என் விரலில் குங்குமம் காயவில்லை.

உன் கூட்டாளிகளின் புது டிஜிட்டல் கீபோர்டில் பட்டனை அழுத்தினால் வைத்த சத்தம் திரும்ப வரும். உன் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. குமிழ்கள் நிற்கிற இடம்தான் சத்தம். நீ குறிப்பெழுதும் நோட்டில் தேடினேன், அந்த இடங்கள் அதிலும் இல்லை. ஏன் எழுதாமல் போனாய்? சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றா? நீ எனக்கென்று செய்ததை என் கையாலேயே அழித்துவிட்டேன் அண்ணா. தாங்க முடியவில்லை.

தினமும் தேடுகிறேன். அரை மணி நேரம் சூடேறினால்தான் சுருதி நிற்கும் என்பதே இப்போதுதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். சுரத்தைப் பிறப்பிக்கும் இரண்டு ஆசிலேட்டர்களையும் மயிரிழை விலக்கினால் சத்தம் தடிக்கிறது. சத்தத்தை வடிகட்டும் ஃபில்டரை மூடினால் சளி பிடித்த குரலாகிறது. நேற்று சாயங்காலம் அதைக் கொஞ்சமாகத் திறந்து, சக்கரத்தை உருட்டினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, உன்னை அதட்டுகிற அதே குரலில், "மெதுவாடா, பக்கத்து வீட்டு ஆன்டி ஏசப் போறாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அது நீ வைத்த சத்தம்தானா? எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஒவ்வொரு குமிழும் நிற்கிற இடத்தை உன் நோட்டில் எழுதிவிட்டேன்.

தையில் கல்யாணம். மேடைக்கு நடக்குமுன் இதை நானே வாசிப்பேன். இந்தப் பூஜைக்கு மரச்சட்டத்தில் மட்டும் ஒரு பொட்டு. குமிழ்களை யாரையும் தொட விடமாட்டேன் அண்ணா.

உன் கையெழுத்துக்குக் கீழே எழுதத் தொடங்கியிருக்கும்
உன் தங்கச்சி செல்வி