டெரன்ஸின் புது ஷூ

நார்விச், வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நலம், என் சமையல்தான் கவலைக்கிடம்.

நான் வேலை செய்யும் தனியார் காப்பகத்தில் டெரன்ஸ் என்று ஒருவர். ஐம்பது வயது, மனவளர்ச்சி குன்றியவர், பேச்சு வராது. இரண்டு வருடமாகத் தினக்குறிப்பில் ‘பூங்காவுக்குப் போனார், மகிழ்ந்தார்’ என்றே இருக்கிறது. நேற்று விளையாட்டாக ஒளித்துவைக்க அவருடைய ஒரே ஜோடி ஷூவை எடுத்தேன். அடியில் துளி மண் இல்லை, விலைச்சீட்டுகூட உரியவில்லை. அதை அப்படியே கொண்டுபோய் மேலாளரிடம் காட்டினேன்.

“கூட்டிப்போக ஆளு ஏது, கண்ணு? நாளைக்கு உள்ளதையும் எழுதிட்டேன், கையெழுத்த மட்டும் போடு” என்றார் மேலாளர் லொரெய்ன்.

நான் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெரன்ஸை நிஜமாகவே கூட்டிப்போகிறேன். அந்த ஷூ அவர் காலில் ஏறவே இல்லை, அப்பாவின் பழைய பூட்ஸை உடனே அனுப்பு. வேலை போனால் வந்துவிடுவேன். என் அறையைத் தங்கைக்குக் கொடுத்துவிடாதே.

அவசரத்தில்,
உன் கெரித்