பொத்திய வலைக்கும் நிவாரணம்

8 பெப்ரவரி 1983

இன்று சங்கத்துக்கு ஒரு கட்டுக் கடதாசி வந்தது. புயலில் வள்ளமும் வலையும் இழக்கிறவர்களுக்கு அரசாங்க நிவாரணம் விரைவாகக் கிடைக்கப் புதுச் சட்டம் வரப்போகிறதாம். இது அதன் வரைவு. மீன்பிடிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கும் மகாதேவி மானிப்பாயிலிருந்து பஸ் ஏறிக் குருநகருக்குக் கொண்டு வந்தார். சங்கத் தலைவர் கிறகோரி நான்காம் பிரிவை உரக்க வாசித்தான். மனுக் கொடுத்துப் பதினான்கு நாட்களில் நிவாரணம். எல்லோரும் கைதட்டினோம்.

வீட்டில் வைத்து வாசிக்க ஒரு பிரதி கேட்டேன். கிறகோரிக்குச் சிரிப்பு.

"சந்தியோகு அண்ணை, நீங்கள் வாசிச்சு முடிக்க அடுத்த புயல் வந்திடும்."

மகாதேவி தன் பிரதியை என்னிடம் நீட்டினார். "ஐயா ஆறுதலாய் வாசிக்கட்டும். பிழை இருந்தால் சொல்லட்டும்."

என்னிடம் பிழை கேட்கிறார். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு மரியாதை.

11 பெப்ரவரி

ஒரு நாளைக்கு அரைப் பக்கம், விரல் வைத்து. கோயில் மண்டபத்தில் ஒரு வருடம் பின்னேர எழுத்து வகுப்புக்குப் போனதன் பலன்.

என்ன நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள்! கட்டுமரக்காரனை மறக்கவில்லை. கருவாடு காயப்போடும் பெண்களுக்குத் தனிப் பிரிவு. எங்களைக் கண்டிராத மனிதர்கள் மேசையில் இருந்துகொண்டு எங்களை நினைத்திருக்கிறார்கள்.

என் மனுசி லூர்த்தம்மா: "செபப் புத்தகத்தை இப்பிடி வாசிச்சிருந்தா எப்பவோ மோட்சத்துக்கு வழி தெரிஞ்சிருக்கும்."

15 பெப்ரவரி

ஏழாம் பிரிவு. மூன்று தரம் வாசித்தேன். சேதமான வலையை அதிகாரி வந்து பார்க்கும்வரை திருத்தாமல் வைத்திருக்க வேண்டுமாம்.

பதினான்கு நாள் கிழிஞ்ச வலையோடை குந்தியிருக்கிறதோ? சோறு ஆர் போடுறது? ஈர வலையைக் குவிச்சு வைச்சா எலி விடுமோ? ஒரு முழக் கிழிசல் ஒரு பாகமாய், நாலு முழமாய்ப் போகும் — இது ஏன் ஒருத்தருக்கும் தெரியேல்லை? நாலாம் பிரிவிலை கைதட்டினவை ஏழுக்கு வரவேயில்லை.

முந்தின புயலில் என் மருமகன் யாகப்புக்கு நடந்தது இதுதான். மறுநாளே வலையின் கிழிசலைப் பொத்திக் கடலுக்குப் போனான். ஐந்து மாதம் கழித்துக் கந்தோரிலிருந்து வந்த ஆள், "நல்ல வலையாய்த்தானே கிடக்குது, கிழிசல் எங்கை?" என்று கேட்டு அவன் பேரை வெட்டிவிட்டார். சும்மா இருந்தவனுக்குக் கிடைத்தது. அன்றைக்கு யாகப்பு சொன்னான்: "இன்னொருக்கா இப்பிடியெண்டா வள்ளத்தை வித்துப்போட்டு மேசனுக்குக் கல் தூக்கப் போறன்." அவன் சொன்னால் செய்கிறவன்.

16 பெப்ரவரி

மகாதேவிக்குக் கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையின் முதல் கடிதம். ஒன்பது வரி, ஒரு பகல்.

12 மார்ச்

வரைவைப் பற்றி எங்கள் கருத்தைக் கேட்கக் கொழும்பிலிருந்து மூன்று பேர் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். மகாதேவி என் பெயரை முதலாவதாகப் போட்டிருந்தார்.

வலை காத்திருக்காது என்றேன். கண்ணாடி போட்ட பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "சரி ஐயா. பொத்தின வலை முந்திக் கிழிஞ்சது எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?"

எங்கள் கரையில் புயலுக்கு மறுநாள் யாரும் தன் வலையைத் தனியாகப் பொத்துவதில்லை. இன்று உன் வலை, நாளை என் வலை. ஒருவன் இழுத்துப் பிடிக்க மற்றவர்கள் பொத்துவார்கள். எத்தனை பாகம் போனது என்று பிடித்தவனின் கைக்குத் தெரியும். அவர்கள் ஒப்பமிட்டால் போதாதா என்று கேட்டேன்.

"ஆக்கள் சேர்ந்து பொய் சொல்ல மாட்டினமோ?"

"தனிய எண்டா சொல்லுவினம் ஐயா. மூண்டு பேர் ஒத்துமையாய் ஒரு பொய்யைச் சொல்லுற ஊர் இதில்லை."

மண்டபம் சிரித்தது. கிறகோரிதான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தான். பெரியவரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே எழுதினார்.

26 மே

சட்டம் நிறைவேறிவிட்டது. மகாதேவி அச்சடித்த பிரதியைக் கொண்டு வந்து ஏழாம் பிரிவை விரித்துக் காட்டினார். வலையைத் திருத்தத் தடையில்லை. திருத்த உதவிய மூவர் ஒப்பமிட்ட சங்கப் பதிவு சான்றாகும்.

தான் எழுதியதைத் தானே வெட்டுகிற பெரிய மனிதரை இன்றுதான் அறிந்தேன். மகாதேவியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சொற்கள் போதாது. நான் பேசியதில் ஒரு சொல் குறையாமல் தட்டச்சுச் செய்து அனுப்பியிருக்கிறார்.

19 யூன்

சோளகக் காற்று புயலாய் அடிக்கிறது. வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

20 யூன்

யாகப்பின் வலையில் பதினொரு பாகம் இல்லை. மிச்சம் கந்தல். கிறகோரி பிடித்தான், நாங்கள் மூன்று பேர் பொத்தினோம். பின்னேரம் சங்கப் பதிவில் ஒப்பமிட்டு மனுவும் கொடுத்தோம்.

22 யூன்

யாகப்பு விடியக் கடலுக்கு வெளிக்கிட்டான். அவன் மனுசியான என் மகள் மரியநாயகி வாசலை மறித்தாள்.

"போகாதேங்கோ. ஆள் வந்து பாக்கட்டும். போன முறை பட்டது காணாதோ?"

"மாமா சட்டத்திலை இருக்கெண்டிறார்."

"சட்டம் கொழும்பிலை. வாற ஆள் வேறை."

அவன் போய்விட்டான். அவள் சொன்னது சரியாக இருந்தால்? கடதாசியை நம்பச் சொன்னது நான். எத்தனை தரம் ஏழாம் பிரிவை வாசித்தும் அது அப்படியேதான் இருக்கிறது.

28 யூன்

காலை பத்து மணிக்குக் கந்தோரிலிருந்து ஓர் ஆள் வந்தார். நான் முன்பு காணாதவர். யாகப்பின் பெயரைக் கூப்பிட்டார்.

"வலை எங்கை?"

மரியநாயகி என்னைப் பார்த்தாள்.

"கடலிலை," என்றேன்.

அவர் சங்கப் பதிவை எடுத்தார். கிறகோரியைத் தனியே கூப்பிட்டு எத்தனை பாகம் என்று கேட்டார். பிறகு என்னைக் கேட்டார். பதினொன்று. எழுதினார். புது வலைக்குச் சீட்டு கிழித்து மகளின் கையில் கொடுத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மனுக் கொடுத்து ஒன்பதாவது நாள்.

மத்தியானம் யாகப்பு கரை சேர்ந்தான். பரவாயில்லாத மீன்பாடு. மகள் சீட்டை நீட்டினாள். ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, புது வலைக்கு ஈயக்குண்டு கட்ட வேணும். வெள்ளிக்கிழமை வாறியளோ?"

ஓம் என்றேன்.