லெஸ்டரின் லாரிக்கு ஓட்டுநர்

ஆல்பியன், நெப்ராஸ்கா
ஞாயிறு மாலை

அன்புள்ள ராய்சுக்கு,

அண்ணி வெர்னா எழுதுவது. நான் எப்படியோ இருக்கிறேன். உன் தங்கை ஓபலுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் அண்ணன் லெஸ்டரின் கல்லறையில் கல் நட்டாகிவிட்டது. பக்கத்திலேயே என் பெயரையும் வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒருத்திக்குச் சமைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

"அண்ணன் லாரிய நான் ஓட்டறேன் அண்ணி. கம்ப்யூட்டர்ல மட்டும் என் பேரத் தட்டிப் பாக்காதீங்க. குடும்பத்துக்குள்ள என்ன சோதனை" என்றாய். லாரி இப்போது என் பெயரில் இருக்கிறது, ராய்ஸ். யாரை ஓட்டுநராக வைப்பதானாலும், போதை, குடி சோதனையில் தவறியவர்களின் அரசாங்கப் பதிவை முதலில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நீ கம்ப்யூட்டரில் சம்மதம் என்று அழுத்தினால்தான் எனக்கு அது திறக்கும். நீ அழுத்தவில்லை. உள்ளே இருப்பதை ஓபல் சொல்லிவிட்டாள்.

போன கோடையில் கன்சாஸில், வண்டி நிறைய மாட்டோடு வந்த உன்னைக் கம்பெனி திடீரென்று சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்பியது. உனக்கு வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார், மூன்று மணி நேரம் பார்க்கலாம் என்றார்கள். நிற்கிற வண்டிக்குள் காற்று ஏது. மாடுகள் வெயிலில் மூச்சிரைத்தன. நீ எழுந்து போய் வண்டியை எடுத்துவிட்டாய். ஒரு மாடும் சாகவில்லை. ஆனால் பாதியில் எழுந்து போனவனையும் போதையில் பிடிபட்டவனையும் அந்தப் பதிவு ஒரே வரிசையில் வைத்து, லாரி ஓட்டத் தடை போடுகிறது.

நான் உன்னை நம்புகிறேன். லெஸ்டரும் எழுந்துதான் போயிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு, தடை நீங்குவதற்காகத் திட்டிக்கொண்டே போதை ஆலோசகரிடமும் போயிருப்பார்.

"குடிக்காதவன் எதுக்குக் குடிகாரங்களோட உக்காந்து பாடம் கேக்கணும்? மறுசோதனையில நான் மூத்திரம் போறத ஒருத்தன் எதிர்ல நின்னு பாப்பானாம். அம்பது வயசுல எனக்கு இது தேவையா" என்று ஓபலிடம் கத்தினாயாமே. "உன் மாடுங்க எல்லாம் உன் முன்னாடிதானே போகுது, அதுங்க வெக்கப்பட்டுச்சா" என்றாளாம் அவள். லெஸ்டர் போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

பக்கத்துப் பண்ணை டுவைட் வந்து, "ராய்ஸ என் பேர்ல ஓட்டச் சொல்லும்மா, யாரு வந்து பாக்கப் போறா" என்றார். வாசலைக் காட்டினேன்.

லாரியை விற்க மாட்டேன். அது உனக்காக நிற்கும். தடை நீங்கும்வரை சாவியும் தர மாட்டேன், நீ அழுதாலும் சரி, கோபித்தாலும் சரி. ஆலோசகர் சொல்வதை எல்லாம் முடி. அவர் சரி என்றதும் முதலாளி என்ற முறையில் மறுசோதனைக்கு நானே அனுப்புகிறேன். நானும் வந்து வெளியே உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.

இந்த வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒருவரை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது. இன்னொருவர் ரோஷத்தோடு தங்கை வீட்டு சோபாவில் உட்கார்ந்தே வீணாவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, ராய்ஸ். காலையில் எழுந்து, முகம் கழுவி, அந்தச் சம்மதத்தை அழுத்து. கர்த்தர் உன் கூடவே போகட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி வெர்னா