போர்டில் உன் பெயர்

நாரணாபுரம்,
ஆடி 5.

அன்புள்ள சொர்ணலட்சுமிக்கு,

பாண்டிமீனா எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் ஹூப்ளியில் சுகம்தானே? விழா அழைப்பு வந்ததிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவே இல்லை. பயந்துவிட்டாய் என்று தெரியும். அதனால்தான் கடிதம்.

வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிவிபத்து நடந்ததிலிருந்து எங்கள் பட்டாசுக் கம்பெனியும் பூட்டிக் கிடக்கிறது. செத்தவர்களில் நம் தெரு மணிமுத்து அக்காவும் ஒருத்தி. சாப்பாட்டு வாளியைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டத்தில் முதலில் பாக்ஸிங் ஆடிய பெண்கள் என்று விருதுநகரில் விழா எடுத்துப் போர்டு வைக்கிறார்கள். இருபது வருஷமாக நம்மை எவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, இப்போது ஞானம் வந்திருக்கிறது! அதில் உன் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? ஸ்கூல் பிள்ளைகள்தான் போட்டிக்குப் போகலாம். நான் எட்டாவதோடு பட்டாசுக்கு மருந்து அடைக்கப் போனவள். போட்டி சமயத்தில் உனக்கு அம்மை போட்டிருந்தது, உன் பெயரில் நான் போய் ஜெயித்து வந்தேன். அந்த சர்டிபிகேட்தான் உனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிக் கொடுத்தது. அப்போது எனக்குச் சந்தோஷம்தான். இப்போது கொஞ்சம் வயிறு எரிகிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

என் மகள் எழில், ரிங்கில் நான் நிற்கும் பழைய போட்டோவைத் தூக்கிக்கொண்டு பாக்ஸிங் சங்கத்துக்கே போய்விட்டாள். இது எங்க அம்மா, பேரை மாத்துங்க என்று சண்டை. சங்கத்து ஜெயச்சந்திரன் சார் என்னைக் கூப்பிட்டு, சொர்ணலட்சுமி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்றார். எழுதினால் உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை ஆசையில் பேசுகிறாள் சார், போட்டோவில் இருப்பது சொர்ணம்தான், நான் தண்ணீர் பாட்டில் தூக்கப் போனவள் என்று சொல்லிவிட்டேன்.

எழில் பக்கத்திலேயே நின்றாள். வீட்டுக்கு வந்து, இம்புட்டு நாளும் எங்கிட்ட பொய்யாம்மா சொன்ன என்று ஒரே ஒரு கேள்வி. நாலு நாளாக நான் போடும் சோற்றைத் தொடுவதில்லை. எனக்குத் தாங்கவில்லை சொர்ணம்.

நீ எதுவும் எழுதித் தர வேண்டாம். ஆனால் விழாவுக்கு வா, வராவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள். எழிலை எப்படியாவது கூட்டிவந்து உட்கார வைக்கிறேன். மேடையில் உன்னைப் பேசச் சொல்வார்கள். மதுரைப் பெண்ணை மூன்றாவது ரவுண்டில் சாய்த்தது இடது கை என்று சொல். சின்னதில் எழில் முதுகில் அடியாக விழுந்ததும் என் இடது கைதான், அவளுக்குப் புரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடாதே.

என்றும் உன்,
பாண்டிமீனா