எந்த விரல்?

பிப். 9, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். வேலைக்கு அனுப்பிய மனுக்களுக்குப் பதில் இல்லை. மெயிலை ஏழு தடவை திறந்தாயிற்று.

அம்மா ஹாஸ்டல் சமையலுக்குக் கிளம்பும்போது மறுபடியும்: "இது ஒரு கத்தியா? இதால அரிஞ்சா ராத்திரியாயிடும். ஹாஸ்டல்லயும் இதே கதிதான்." மூன்று மாதமாக இதே புலம்பல்.

பெரிய மார்க்கெட் போய்ச் சாணைக்கல் வாங்கினேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. தண்ணீரில் ஊற வேண்டும், குமிழி வருவது நிற்கும் வரை. எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். நிற்கவில்லை.

இரண்டு கத்தி, இரண்டு மணி நேரம். விரலெல்லாம் சாம்பல் நிறச் சேறு. கடைசியில் செய்தித்தாளைக் காற்றில் பிடித்து வெட்டினேன். சத்தமே இல்லை. எம்.ஏ. முடித்தபின் உருப்படியாகச் செய்த முதல் காரியம்.

10, செவ்வாய்

அம்மா பீன்ஸ் அரிந்தாள். ஒன்று கடுகு, ஒன்று விரல் நீளம்.

"இன்னும் மொண்ணையாத்தான்டி இருக்கு."

தக்காளித் தோலில் வைத்துக் காட்டினேன். கத்தியின் கனத்துக்கே இறங்கியது.

"தக்காளில எத வச்சாலும் எறங்கும். நீ படிச்சவ, உனக்கு இன்னா தெரியும்."

கோபம். மீண்டும் கல். கல்லில் கத்தி வைத்த சாய்வு தவறோ? கடைசிவரை ஒரே சாய்வு, கை ஆடக் கூடாது. ஆடியது. மூன்றாம் தடவை. முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன். மழித்தது. இதற்கு மேல் என்ன கூர்?

11, புதன்

சாயங்காலம். டி.வி. பார்த்தபடி முள்ளங்கி அரிந்துகொண்டிருந்தாள். பலகையில் சிவப்பு.

"அம்மா, விரல்!"

"எந்த விரல்?"

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. இடது ஆள்காட்டி விரல் நுனி. நல்ல ஆழம். அவளுக்கு வலிக்கவில்லை.

துணி சுற்றியபின் மெதுவாகச் சொன்னாள். தீபாவளியிலிருந்தே. முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல. அப்புறம் ஒன்றுமே இல்லை. சர்க்கரைதான். ஹாஸ்டலில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் பழியெல்லாம் கத்தி மேல்.

"நீ ஏன்டி தீட்டின?"

கத்தியைக் கழுவி மேல் தட்டில் வைத்தேன்.

12, வியாழன்

ஹாஸ்டலுக்கு லீவு. காரணம்: தலைவலி.

கோரிமேடு பெரியாஸ்பத்திரி. விடியலிலேயே வரிசை. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அம்மாவைக் கண்மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனிகளைத் தொட்டார். "தொட்டா சொல்லுங்கம்மா."

"ம்."

"ம்."

"ம்."

மூன்றாவது 'ம்'முக்கு அவர் தொடவே இல்லை. இழை காற்றில். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்தேன்.

மாத்திரை மாற்றம். மறுபடி அடுத்த மாதம். திரும்பும் பஸ்ஸில் அம்மா: "பாஸாயிட்டனா?"

13, வெள்ளி

அம்மா இன்றும் லீவு. மாலை செல்வி அக்கா வந்தார். அம்மாவோடு ஹாஸ்டலில் சமைப்பவர்.

"இன்னா பாப்பா, கத்தி தீட்டறியாமே! உங்கம்மா அன்னிக்கே பீத்திக்கிச்சு. எங்களுது ஆறு இருக்குது, எடுத்தாரட்டா?"

அம்மா என்னையே பார்த்தாள்.

"கல்லு ஒடைஞ்சுபோச்சுக்கா" என்றேன்.

கல் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. முழுசாக. செல்வி அக்கா அதைப் பார்த்தார். அம்மாவின் விரலில் சுற்றிய துணியைப் பார்த்தார்.

"ஆமா. ஒடைஞ்சுதான் கெடக்குது." பிறகு அம்மாவிடம், "இனிமே காய் நான் அரிஞ்சுக்கறேன், வுடு. நீ அடுப்பப் பாத்துக்க."

அம்மா வேகமாகத் தலையாட்டினாள்.

அடுப்பு. அந்த விரல்களுக்குச் சூடு எப்படித் தெரியும்?

செல்வி அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, நில்லுங்க" என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். எவ்வளவு இறுக்குகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.