வரியன் இருக்கும் தொட்டி

மதுராந்தகம்
29.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி அஃப்ஸானா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் பதினேழு தடவை போன் செய்திருந்தீர்கள், பார்த்தேன். எடுக்கவில்லை. போனில் நான் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் நீங்கள் முடித்துவிடுவீர்கள். இனிமேல் எழுதுங்கள். காகிதத்தில்தான் நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது.

"முட்டி வலிக்கா இவ்ளோ ரோஷம்?" என்று என் தங்கச்சியிடம் கேட்டீர்களாமே. நடந்ததை எழுதுகிறேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "எங்கம்மா வலி?" என்றார். நீங்கள், "இடது முட்டி சார், ஆறு மாசமா" என்றீர்கள். அவர் மறுபடியும், "அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். அதற்கும் நீங்கள்தான், "அதான் சொல்றேனே சார், இடது" என்றீர்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றதும் சந்தோஷமாக என்னைக் கூட்டிவந்தீர்கள். வலிப்பது வலது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமாக வாயைத் திறந்து திறந்து மூடிப் பழகியவள், அன்றும் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே என்னை நினைத்துப் பயம் வந்தது.

அது கிடக்கட்டும். ஹாலில் இருக்கும் மீன் தொட்டி, நம் பிள்ளை உசாமா தோஹாவுக்குப் போகும்போது என்னை நம்பி விட்டுப்போனது. காலையிலும் மாலையிலும் ஒரு சிட்டிகை தீனி. கடல் மீன்தான் என்றாலும், தண்ணீர் வற்றிக் குறைந்தால் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் அல்ல; உப்பு உள்ளேயே தங்கிவிடும். மேலே கட்டியிருக்கும் வலையை எடுக்காதீர்கள். ராஸ் வகை மீன்கள் பயந்தால் துள்ளி வெளியே விழுந்துவிடும். முக்கியமாக, புது மீன் எதுவும் வாங்காதீர்கள். ஆறு கோடு போட்ட அந்த விரல் நீள ராஸ், நான் வரியன் என்று கூப்பிடுவேனே, அது இருக்கிற தொட்டியில் இன்னொன்று நிம்மதியாக வாழாது. அந்த இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மூலையை விட்டு வராததால் பிழைத்துக் கிடக்கின்றன.

உங்கள்
ஜஹனாரா


கேளம்பாக்கம்
04.07.2025

அன்பு ஜஹனாரா,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம்.

வலது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நீ இடது பக்கம்தான் சாய்ந்து சாய்ந்து நடந்தாய், கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் எலக்ட்ரிகல் கடையில் நின்றவன் நான். ஃபேன் வாங்க வந்தவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்கு என்ன வேண்டும் என்று எடுத்து வைப்பேன். பஜாரே அதைத் திறமை என்று சொல்லும். வீட்டில் மட்டும் குற்றம்.

வீடு ஒரே பேஜார். டிவியை நிறுத்தினால் தொட்டி மோட்டார் சத்தம்தான். நாஸ்தாவுக்கு ஓட்டல் இட்லி, ராத்திரிக்கும் அதே ஓட்டல். அதனால் ஒரு காரியம் செய்தேன், கோபிக்காதே. மீன் கடை துரையிடம் சிவப்பாக ஒரு ராஸ் வாங்கிவந்தேன். கல்யாணப் புடவை நிறம், கண் கூசுகிறது. துரை சொன்னான்: "பாய், இது ஃபேரி ராஸு, சாது. உங்க வூட்ல அந்த ஆறு கோட்டு மீனு கீதில்ல? ஒடனே வுட்ராதீங்க. கண்ணாடிப் பொட்டில வச்சி தொட்டிக்குள்ள பத்து நாளு காட்டுங்க, அப்பால வுடுங்க." என் வீட்டு மீனைப் பற்றி எனக்கே சொல்கிறான்! வந்ததும் பையை அவிழ்த்து விட்டுவிட்டேன். வரியன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதுபோல் பார்த்தது, அவ்வளவுதான்.

அந்த வலை பார்க்கவே நன்றாக இல்லை. புது மீன் அழகு தெரிய வேண்டும் என்று கழற்றி வைத்திருக்கிறேன்.

நீ எப்போது வருகிறாய்? வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜலாலுதீன்


மதுராந்தகம்
09.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வெள்ளிக்கிழமை என்று நான் சொல்லவில்லை. வரவும் இல்லை.

தொட்டியில் முதலில் வந்தது எதுவோ அதற்குத்தான் தொட்டி முழுவதும் சொந்தம். பாறை, பவளம், தீனி விழுகிற மூலை, எல்லாம். பின்னால் வருவது எவ்வளவு சாதுவோ அவ்வளவு ஓடும். கடித்துக் கொல்ல வேண்டும் என்பதில்லை. நிம்மதியாகத் தின்ன விடாமல், நின்ற இடத்தில் நிற்க விடாமல் துரத்தினாலே போதும். வரியன் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தான் துரத்துகிறோம் என்றே அதற்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

சிவப்பு மீன் எப்படி இருக்கிறது? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

ஜஹனாரா


கேளம்பாக்கம்
14.07.2025

அன்பு ஜஹனாரா,

நான் நலம். சிவப்பு மீனும் நலம். என் கையிலிருந்தே தீனி வாங்கித் தின்கிறது. முதல் இரண்டு நாள் கொஞ்சம் துரத்தல் இருந்தது, இப்போது இரண்டும் அண்ணன் தங்கச்சி மாதிரி. நீ வீணாகப் பயப்படுகிறாய் என்று நான் சொல்லவில்லையா?

வலையை மறுபடியும் கட்டிவிட்டேன். சும்மாதான்.

இங்கே மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. உன் செருப்பு வாசலில் அப்படியே இருக்கிறது, எடுத்து உள்ளே வைக்கவில்லை.

ஜலாலுதீன்


மதுராந்தகம்
20.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

தொட்டிக்கு எதிரே உசாமா ஒரு கேமரா வைத்திருக்கிறானே, அது அவன் போனில் மட்டும் தெரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். என் போனிலும் தெரியும். இங்கே வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீனைப் பார்க்கத்தான் திறந்தேன். பிறகு மீனை மட்டும் பார்க்கவில்லை.

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை சிவப்பு மீன் துள்ளி விழுந்ததைப் பார்த்தேன். நீங்கள் அஸர் தொழுதுவிட்டு வந்து, தொட்டிக்குப் பின்னால் தரையில் தேடி எடுத்தீர்கள். உள்ளங்கையில் வைத்து, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, அதை முன்னும் பின்னும் அசைத்தபடி நின்றீர்கள். சட்டைக் கை நனைந்தது. அரை மணி நேரம் நின்றீர்கள். நான் இங்கே அழுதேன். அன்றைக்கே நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த ரயிலுக்கு வந்திருப்பேன்.

ஆறாம் நாள் தேதி போட்டு ஒரு கடிதம் வந்தது. கையிலிருந்து தீனி தின்கிறதாம்.

தினமும் சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தொட்டியோடு பேசுகிறீர்கள். கேமராவில் சத்தம் வராது. என்ன சொல்கிறீர்களோ தெரியாது. வரியன் கண்ணாடி ஓரம் வந்து நிற்கிறது, அதுவாவது கேட்கட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு கடிதத்திலும் 'நான் நலம்' என்று தொடங்குகிறீர்கள். உலகத்தில் எல்லோரும் அதோடு சேர்த்து எழுதுகிற மறுபாதி எங்கே போயிற்று?

ஜஹனாரா


கேளம்பாக்கம்
27.07.2025

அன்பு ஜஹனாரா,

நான் நலம். நீயும் அங்கே நலமாகத்தான் இருப்பாய்.

பொய் எழுதியது தப்பு. உன் பேச்சைக் கேட்காமல் கொன்றுவிட்டேன் என்று எப்படி எழுதுவது? அதைப் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி மண்ணில் புதைத்திருக்கிறேன். காய்ந்த பிறகு அந்தச் சிவப்பு போய்விட்டது.

துரையிடம் போனேன். "இப்ப சொல்லு, குறுக்க பேச மாட்டேன்" என்றேன். "இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா?" என்று பயந்துவிட்டான். பிறகு சொன்னான்: "மொத வந்த மீனப் புட்ச்சி அந்தப் பொட்டில போடுங்க. கல்லெல்லாம் எட்த்து வேற மாறி அடுக்குங்க. அப்ப அதுக்கும் அது புது எடமா பூடும். புதுசா வர்றது நிம்மதியா சுத்தும்."

வரியனைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எல்லாப் பாறையையும் வெளியே எடுத்த பிறகுதான் சிக்கியது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்கிறது.

வீட்டையும் மாற்றி அடுக்கிவிட்டேன். ஹாலில் என் சாய்வு நாற்காலி இல்லை. பெரிய அறை உனக்கு. நான் உசாமா அறையில் இருந்துகொள்கிறேன். பத்து நாள் வந்து பார். நீ பேசும்போது நான் குறுக்கே பேசுகிறேனா என்று நீயே பார்த்துக்கொள். என்னால் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, ஜஹனாரா.

ஜலால்


மதுராந்தகம்
03.08.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நாற்காலியை நகர்த்தியதைப் பார்த்தேன். அந்த இடுப்பு வலியோடு ஏன் தனியாகத் தூக்கினீர்கள்? பக்கத்து வீட்டுக் கேசவனின் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம்.

நான் வரவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் தெளிவாகச் சொல்ல முடிகிறது. சில ராஸ்கள் பெரிய தொட்டியில் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒத்துப்போகும். நான்கடித் தொட்டியில் பாறையை எப்படி அடுக்கினாலும் நான்கடிதான். நம் வீடு உங்களுக்கு அளவாக இருந்தது.

இந்தத் தெருப் பெண்கள் ஆறு பேருக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் நிறுத்தும்வரை காத்திருக்கிறார்கள். முதல் நாள், அடுத்து என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. யாராவது முடித்துவைப்பார்கள் என்று பழக்கத்தில் நின்றுவிட்டேன்.

வரியனைப் பெட்டியிலிருந்து விட்டுவிடுங்கள். அது பாவம் செய்யவில்லை.

கேமரா ஆப்பை நேற்று போனிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு மாதமாக உங்களை உங்களுக்குத் தெரியாமல் பார்த்தது என் தப்பு. உங்கள் பொய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இனி நீங்கள் எழுதினால்தான் உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். எழுதியதை நம்புவேன்.

நான் நலமாகத்தான் இருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஜஹனாரா


கேளம்பாக்கம்
09.08.2025

ஜஹனாரா,

வலது முட்டி எப்படி இருக்கிறது?

ஜலால்