சாவுச் சீட்டு வாசிப்பவனின் சந்தேகம்

அன்புள்ள அம்மாவுக்கு, பயுவோ வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

இந்தத் தங்கச் சுரங்க ஊர் ஒபுவாசியில் புதிதாகத் தொடங்கிய வானொலியில், ஞாயிறுதோறும் நம் ஊர்ப் பக்கமிருந்து வரும் சீட்டுகளைப் பார்த்து, நம் மொழியில் சாவுகளை அறிவிப்பது என் வேலை. முதல் வாரமே, துக்க வீட்டார் வரிசையில் பெயர் விட்டுப்போன ஒருவர் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"என் பேரை முழுங்க, என் தம்பி எத்தனை குடுவை கள்ளு வாங்கித் தந்தான்?"

"சீட்டுலயே இல்லண்ணே!"

மறுவாரம் அவர் பெயரை மூன்று முறை வாசித்தேன்; சிரித்துவிட்டார்.

இப்போது சந்தேகம் எனக்குத்தான். எந்தச் சீட்டு வந்தாலும் பாட்டை ஓடவிட்டு, செத்தவர் பெயரை முதலில் பார்க்கிறேன். நீங்கள் சுகம் என்று அண்ணன் எழுதுகிறான். தூரத்துப் பிள்ளைக்குக் கடைசியில்தானே சொல்வார்கள்?

லாரிக்கார டேரியிடம், கால் வெடிப்புக்குக் கொஞ்சம் ஷியா வெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். கூடவே ஒரு கேசட்டில் என்னை நன்றாகத் திட்டிப் பதிந்து அனுப்புங்கள். அண்ணன் பேச வேண்டாம்; உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவேன்.

பாட்டு முடிகிறது, நிறுத்துகிறேன்.

பயுவோ